கம்பத்தின் பின்னால் யார் பெனர்?

அன்பின் சேர்,

வருகிற மாசிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து வைக்க முடியுமா என்று தெரியவில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் போய் வசூலித்துத்தான் இத்தனை காலமும் வைத்தோம். இப்போது பாதி வீட்டுப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில். வசூல் ஏறவில்லை. தோட்ட நிர்வாகம் முழுச் செலவையும் ஏற்கிறதாம். கூத்துக்கு நடுகிற கம்பத்துக்குப் பின்னால் கம்பெனி பெனர் கட்ட வேண்டுமாம். பெரியவர்கள் கூடவே கூடாது என்கிறார்கள், இளந்தாரிகள் வாங்குவோம் என்கிறார்கள். கலையை அரசாங்கம்தானே காப்பாற்ற வேண்டும்? நீங்களும் அரசாங்க விருதுப் பணம் வாங்கியவர்தானே. சொல்லுங்கள்.

ஒரு வாசகி, பொகவந்தலாவை

அன்பின் மகள்,

கடைசி வரி நன்றாகக் குத்தியது. வாங்கினேன். பாதி கூரைத் தகரத்துக்கும் மீதி அச்சகக் கடனுக்கும் போனது. ஆகவே யார் காசையும் தொடாதே என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு வாயில்லை.

அரசாங்கம் தரத்தான் வேண்டும். சவர்க்காரத்துக்கும் போன் ரீலோடுக்கும் நாம் கட்டுகிற வரி அங்கேதான் போகிறது. 1948இல் நம் குடியுரிமையைப் பறித்த நாடு, நாம் பறித்த கொழுந்தின் டொலரை வேண்டாம் என்று சொன்னதில்லையே. ஆனால் அந்தக் காசு நம்மிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கலைவிழாவுக்கு எங்கள் கூத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். பிறை கண்டு கம்பம் நட்டு, பௌர்ணமியில் காமனை எரிக்கும்வரை நடக்கிற கூத்து. அங்கே கொடுத்தது பன்னிரண்டு நிமிடம். மண்டபத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்றதால் தப்பு மேளத்தைக் காய்ச்ச வழியில்லை. குளிரூட்டிக் காற்றில் தோல் தொய்ந்து சத்தம் சப்பென்று இருந்தது. ரதி ஒப்பாரியைத் தொடங்கும்போதே ஓரத்திலிருந்து கையைக் காட்டி முடிக்கச் சொன்னார்கள். முடிவில் ஆளுக்கொரு சோற்றுப் பார்சல், ஒரு கண்ணாடிக் கேடயம். ரதி வேஷம் கட்டியவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். திரும்பும் பஸ்சில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இத நம்ம காம்பராவுல எங்க சேர் வக்கிறது? ரெண்டு பேரு போச்சு" என்றார்.

ரெண்டு பேர். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு விழும் சம்பளம்தான் ஒரு 'பேர்'. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த விழாச் செலவில் பஸ், பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் காசு இருந்தது. ஆடியவர்கள் இழந்த பேருக்கு மட்டும் ஒரு சதமும் இல்லை.

எங்கள் அப்பா கூத்துக் கணக்கை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவார். தேங்காயெண்ணெய், கற்பூரம், அரிதாரம், விரதக்காரர்களுக்குச் சோறு என்று இடதுபக்கம் செலவு. வலதுபக்கம் வரவு. அதில் காசு கொடுத்தவர் பெயருக்கு நேரே ரூபாய், கொடுக்க முடியாதவர் பெயருக்கு நேரே 'பந்தல் ஒரு நாள்', 'விறகு ரெண்டு கட்டு'. எல்லாரும் ஒரே பட்டியலில். அதனால்தான் எமன் சரியாக ஆடவில்லை என்றால் விறகு கொடுத்த கிழவியும் கூத்தைப் பழக்குகிற மாஸ்டரைப் பிடித்துத் திட்டுவாள். அவளுக்கும் அதில் பங்கு.

புத்தகம் போடுகிற எங்கள் கதையும் பெரிய வித்தியாசமில்லை. இங்கே நூல் விற்று அச்சுக்கூலி வருவது அபூர்வம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குகிற முதலாளியின் என்வலப்தான் வரவு. என் விழா ஒன்றில், பிரமுகர் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் எல்லாரையும் உட்கார வைத்தேன். வந்தவர் அரைமணி நேரம் தன்னைப் பற்றிப் பேசினார், நான் கைதட்டினேன். என்வலப் கனமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

வியாபாரிகள் எல்லாரும் அப்படியென்று சொன்னால் பாவம். துரை விஸ்வநாதனும் வியாபாரிதான். 1997இல் துரைவி பதிப்பகம் வழியாக 'மலையகச் சிறுகதைகள்' தொகுப்பை அவர் போட்டிருக்காவிட்டால், அந்தக் கதைகளைத் தேடிப் பழைய பேப்பர்க் கட்டுகளைத்தான் கிளற வேண்டியிருந்திருக்கும். கதைகளைத் தெரிந்தெடுக்கிற வேலையை எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பிடம் விட்டார். தெரியாத வேலையில் கை வைக்காத முதலாளி லேசில் கிடைப்பதில்லை.

இனி உங்கள் பெனர். கம்பத்துக்குப் பின்னால் வேண்டாம். மன்மதன் எரிகிற இடத்தில் தேயிலைப் பக்கெட் படம் தொங்குவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, பெரியவர்களுக்குக் கோபம் வருவது நியாயம். இளந்தாரிகளையும் திட்ட வேண்டாம். நிர்வாகத்திடம் வேறொன்று கேளுங்கள். கற்பூரத்தையும் சோற்றையும் லயம் பார்த்துக்கொள்ளும். வேஷம் கட்டுகிறவர்களுக்கும் தப்படிக்கிறவர்களுக்கும் எரிப்புக்கு முதல்நாளும் மறுநாளும் பேர் போடச் சொல்லுங்கள். இருபத்தைந்து ஆள், ரெண்டு நாள், 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும் 67,500 ரூபாய். பெனர், மேடை, ஒலிபெருக்கி என்று அவர்கள் செலவழிக்க நினைத்ததைவிட இது கூடவா குறையவா என்று கேட்டுப் பாருங்கள். நன்றி சொல்ல வேண்டுமென்றால் மாஸ்டர் வாயால் ஒருமுறை சொல்லலாம், மற்ற எல்லாருடைய பெயரோடும் சேர்த்து.

கொழும்பிலுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வட்ஸ்அப் குழு போடுங்கள். காசு அனுப்புவார்கள். ஆனால் ஒருவனாவது லீவு போட்டு வந்து தப்பைக் கையில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். நிர்வாகம் பேர் போட்டால் அதையும் வலதுபக்கத்தில், விறகுக்குக் கீழே எழுதுங்கள். என் கணக்கில் ஐயாயிரம். கையில் தருகிறேன், எமனைப் பார்க்க வரும்போது.