வாசகர் கேள்வி பதில்: புதுமுக ஓட்டுநரை எதை வைத்து அளப்பது?

கே: 2025 ஃபார்முலா ஒன் சீசனில் ஜார்ஜ் ரசலுக்கு 319 புள்ளிகள். அதே மெர்சிடிஸ் காரை ஓட்டிய கிமி அன்டோனெல்லிக்கு 150. பாதிகூட இல்லை. பையனை அவசரப்பட்டு ஏற்றிவிட்டார்கள் என்கிறேன் நான். என் நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். யார் சொல்வது சரி?

ப: நான் உங்கள் நண்பர் பக்கம். புள்ளிக் கணக்கை வைத்து ஒரு புதுமுகத்தை எடைபோடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. முதலிடத்துக்கு 25, ஐந்தாம் இடத்துக்கு 10, பதினொன்றாம் இடத்துக்கு ஒன்றுமே இல்லை. 2025-ல் கார்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்று பார்த்திருப்பீர்கள். ரேஸைத் தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் குவாலிஃபையிங்கில் 0.2 வினாடி பிந்தினாலே நான்காம் இடத்தில் நிற்க வேண்டியவர் ஒன்பதாம் இடத்தில் நிற்பார், பிறகு ரேஸ் முழுக்க யாரோ ஒருவர் பின்னால் சூடான காற்றிலேயே ஓட வேண்டியதுதான். வேகத்தில் இருந்த சின்ன வித்தியாசம் புள்ளிப் பட்டியலுக்கு வரும்போது மலையாகத் தெரியும்.

இதற்கு 2019 வில்லியம்ஸ் அணியைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருஷம் இதே ரசல்தான் புதுமுகம், பக்கத்து காரில் ராபர்ட் குபிட்சா. 21 குவாலிஃபையிங்கிலும் ரசல்தான் முன்னால். ஆனால் சீசன் முடிவில் அணிக்குக் கிடைத்த ஒரே ஒரு புள்ளி குபிட்சா பெயரில் இருந்தது. ஜெர்மனியில் மழையில் நடந்த ரேஸில் இரண்டு ஆல்ஃபா ரோமியோ கார்களுக்கும் பிறகு அபராதம் விழுந்ததில் குபிட்சா பத்தாம் இடத்துக்கு வந்தார். பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு ரசல் தோற்றுப்போனவர்.

சரி, அன்டோனெல்லிக்கு வருவோம். அவர் சீசனை மொத்தமாகப் பார்க்காமல் உடைத்துப் பாருங்கள். முதல் ரேஸ் மெல்பர்ன், மழை, 16-ஆம் இடத்தில் தொடங்கி நான்காவதாக முடித்தார். சுசுகாவில் சில லேப்கள் முன்னிலையில் இருந்தார். மயாமியில் ஸ்பிரின்ட் என்கிற குட்டி ரேஸுக்கு முதலிடத்தில் நிற்கும் உரிமையை எடுத்தார். கனடாவில் மூன்றாம் இடம். இந்தக் கடைசி மூன்றும், அவர் முந்தைய வருஷம் ஓட்டிய கீழ்நிலைப் போட்டியான ஃபார்முலா 2 அப்போது போகாத தடங்கள், அவர் அதுவரை ரேஸ் ஓட்டியே பார்க்காதவை. ஆனால் சின்ன வயதிலிருந்து பழகிய ஐரோப்பியத் தடங்களில்தான் சரிந்தார். இமோலாவிலிருந்து ஸான்ட்வூர்ட் வரை ஒன்பது ரேஸ், அதில் புள்ளி வந்தது கனடாவிலும் ஹங்கேரியிலும் மட்டும். அனுபவக் குறைவுதான் காரணம் என்றால் தெரியாத தடத்தில் தடுமாறி, தெரிந்த தடத்தில் நன்றாக ஓட்டியிருக்க வேண்டும் இல்லையா? நடந்தது நேர்மாறு. அந்தக் காலத்தில்தான் மெர்சிடிஸ் புதிய பின்பக்க சஸ்பென்ஷனைப் போட்டது, கழற்றியது, மறுபடி போட்டது, கடைசியில் ஹங்கேரியில் பழையதற்கே திரும்பியது. கார் எப்போது வழுக்கும் என்றே தெரியாவிட்டால் ஓட்டுநர் பிரேக்கில் தயங்குவார். அந்தக் காரைச் சமாளிக்க ரசலிடம் பல வருஷப் பழக்கம் இருந்தது, பையனிடம் இல்லை. இமோலாவிலும் பார்சிலோனாவிலும் கார் பழுதாகி நின்றது வேறு.

எல்லாப் பழியையும் கார் மேல் போட்டுவிட முடியாது. ஆஸ்திரியாவில் முதல் லேப்பிலேயே வெர்ஸ்டாப்பனை இடித்தது, ஸான்ட்வூர்டில் லெக்லேரை இடித்தது, இரண்டும் அவர் கணக்கில்தான் போக வேண்டும். ஆனால் அப்புறம் வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். பாக்குவில் நான்காம் இடம், சிங்கப்பூரில் ஐந்தாவது, பிரேசிலில் இரண்டாவது, லாஸ் வேகாஸில் மூன்றாவது. லாஸ் வேகாஸில் மெக்லாரன்கள் இரண்டும் தகுதிநீக்கம் ஆனது உதவியது என்பது உண்மை, பிரேசிலில் அப்படி எந்த உதவியும் இல்லை. இன்னொன்று, பக்கத்து காரில் இருந்தவர் யார்? ஹாமில்டனோடு ஓட்டிய மூன்று சீசன்களில் 2022, 2024 இரண்டிலும் ஹாமில்டனைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் ரசல். ஏழு முறை சாம்பியனையே அப்படித் திணற வைத்தவருக்குப் பக்கத்தில், 18 வயதில் வந்து நின்ற பையனின் கணக்கு இது.

கே: டிவியில் "குவாலிஃபையிங்கில் இவர் 15, அவர் 9" என்று காட்டுகிறார்களே, அது போதாதா? வீட்டிலிருந்தே நாமாகக் கணக்குப் போட வழி உண்டா?

ப: போதாது. 0.05 வினாடியில் தோற்றாலும் ஒரு தோல்வி, 0.8 வினாடியில் தோற்றாலும் ஒரு தோல்வி என்று எழுதுகிற கணக்கு அது. ஒரு புதுமுகம் சீசன் முழுக்க எல்லா குவாலிஃபையிங்கிலும் தோற்றிருக்கலாம், ஆனால் தொடக்கத்தில் அரை வினாடியாக இருந்த இடைவெளி கடைசியில் 0.1 வினாடியாகச் சுருங்கியிருக்கும். அந்தச் சுருக்கத்துக்குப் பெயர்தான் முன்னேற்றம், "24–0" என்கிற எண்ணில் அது தெரியவே தெரியாது.

நீங்களே போடலாம், நேரங்கள் எல்லாம் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. முதலில் வினாடியைச் சதவீதமாக மாற்றுங்கள். ஆஸ்திரியாவில் ஒரு லேப் சுமார் 64 வினாடி, ஸ்பாவில் நூறைத் தாண்டும். அதே 0.3 வினாடி அங்கே கிட்டத்தட்ட 0.47 சதவீதம், இங்கே 0.3 சதவீதத்துக்கும் கீழே. அப்புறம், குவாலிஃபையிங் மூன்று பகுதியாக நடக்கும், முதல் இரண்டிலும் பின்தங்கியவர்கள் வெளியேறுவார்கள்; அதில் இருவரும் ஒன்றாக ஓடிய கடைசிப் பகுதியின் நேரத்தை மட்டும் எடுங்கள். மூத்தவர் மூன்றாம் பகுதிக்குப் போய்விட்டார், புதுமுகம் இரண்டாம் பகுதியிலேயே வெளியேறிவிட்டார் என்றால் இரண்டாம் பகுதி நேரங்களைத்தான் ஒப்பிட வேண்டும். ஓட ஓடத் தடத்தில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடிக்கொண்டே போகும், மூன்றாம் பகுதி நேரத்தோடு ஒப்பிட்டால் புதுமுகத்துக்கு அநியாயம். மஞ்சள் கொடியில் லேப்பைக் கைவிட்டது, மழை வந்து கலைத்தது, மோன்சாவில் ஒருவருக்கு மட்டும் முன்னால் போகிற காரின் இழுவை கிடைத்தது, இதையெல்லாம் தள்ளிவிடுங்கள். மிச்சத்தில் சராசரி எடுக்காமல், வரிசையாக அடுக்கி நடுவில் வரும் எண்ணை எடுங்கள், அப்போதுதான் ஒரே ஒரு சொதப்பல் மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகாது. சீசனை ஆறு ஆறு ரேஸாகப் பிரித்து இதைச் செய்தால் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

முடிந்தால் லேப்பின் மூன்று செக்டர்களையும் தனித்தனியாகப் பாருங்கள். இடைவெளி எல்லா செக்டரிலும் சமமாகப் பரவியிருந்தால் அவரால் காரின் மேல் முழு நம்பிக்கை வைக்க முடியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். இரண்டு செக்டரில் சமமாக வந்து ஒரே ஒரு செக்டரில் கால் வினாடி போகிறது என்றால் அது ஏதோ ஓரிரு வளைவுகளின் பிரச்சினை. இன்ஜினியர் இருவரின் டெலிமெட்ரியையும் (காரின் வேகம், பிரேக் போன்றவற்றின் பதிவு) ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டாவது வகைப் புதுமுகத்தைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது.

கே: குவாலிஃபையிங்கில் வேகமாக இருக்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஏன் காணாமல் போகிறார்கள்?

ப: டயர். 2023 சுசுகாவில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி குவாலிஃபையிங்கில் இரண்டாவது, லேண்டோ நாரிஸ் மூன்றாவது. ரேஸ் முடிந்தபோது நாரிஸ் இரண்டாவது, பியாஸ்ட்ரி அவருக்குச் சுமார் 17 வினாடி பின்னால் மூன்றாவது. 53 லேப்பில் 17 வினாடி, அதாவது ஒவ்வொரு லேப்பிலும் சுமார் 0.3 வினாடி கரைந்திருக்கிறது. புது டயர் போட்டுக்கொண்டு பிட்டிலிருந்து வெளியே வந்ததும் முதல் இரண்டு மூன்று லேப்பில் முறுக்கினால் டயரின் மேற்பரப்பு சூடேறிவிடும், அப்புறம் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடேறும். அனுபவசாலி அந்த லேப்களில் வேண்டுமென்றே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பதினைந்து லேப் கழித்து அதை வட்டியோடு வாங்கிக்கொள்வார். ஃபார்முலா 2-ன் பெரிய ரேஸே அதிகபட்சம் 170 கிலோமீட்டர், இங்கே 305. அந்தப் பாடத்தைப் படிக்க வேறு இடமே கிடையாது.

ரேஸ் வேகத்தை ஒப்பிடும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். பத்து கிலோ பெட்ரோல் என்பது லேப்புக்குக் கிட்டத்தட்ட 0.3 வினாடி, அதனால் ஒருவருடைய ஐந்தாவது லேப்பையும் இன்னொருவருடைய நாற்பதாவது லேப்பையும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரே வகை டயர், ஒரே கட்டம், முன்னால் யாரும் மறிக்காத லேப்கள் என்று பார்த்து எடுங்கள். பியாஸ்ட்ரி அந்த வருஷம் 97 புள்ளி, நாரிஸ் 205. அடுத்த வருஷம் 292-க்கு 374, ஹங்கேரியிலும் பாக்குவிலும் வெற்றி. 2025-ல் ஏழு ரேஸ் ஜெயித்து, சாம்பியன் ஆன நாரிஸுக்கு 13 புள்ளி மட்டுமே பின்னால் முடித்தார். 2023-ன் 97-ஐ வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய தப்பாகியிருக்கும்!

கே: ஹாமில்டன் 2007-ல் முதல் வருஷமே அலோன்சோவுக்குச் சமமாக வந்தாரே? மற்றவர்களுக்கு மட்டும் ஏன் சாக்கு சொல்கிறீர்கள்?

ப: ஹாமில்டன் செய்தது மகத்தான காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. முதல் ஒன்பது ரேஸிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறினார், சீசன் முடிவில் இருவருக்கும் 109 புள்ளி, ராய்க்கோனன் 110-ல் சாம்பியன். ஆனால் அன்றைய சூழ்நிலை வேறு. அப்போது சோதனை ஓட்டங்களுக்கு இன்றுபோல் கட்டுப்பாடு இல்லை, முதல் ரேஸுக்கு முன்பே அவர் அந்தக் காரில் நிறைய ஓட்டியிருந்தார். 2025-ல் சீசனுக்கு முந்தைய சோதனை மொத்தமே மூன்று நாள், அணிக்கு ஒரு கார், ஆளுக்கு ஒன்றரை நாள்தான். அலோன்சோ பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவரும் அந்த வருஷம்தான் மெக்லாரனுக்கு வந்தார், அதுவரை மிஷலின் டயரில் ஓட்டியவர் பிரிட்ஜ்ஸ்டோனுக்கு மாறினார். அணியில் காலூன்றிய மூத்தவர் என்கிற வசதி அவருக்கு இல்லை. ரசலுக்கு அன்டோனெல்லி வந்தபோது அது முழுசாக இருந்தது.

கே: 2005-ல் ஜோர்டான் அணியில் நரேன் கார்த்திகேயன் எப்படி ஓட்டினார் என்று இந்த முறையில் சொல்ல முடியுமா?

ப: அரைகுறையாகத்தான். பக்கத்து காரில் இருந்த டியாகோ மான்டெய்ரோவும் புதுமுகம், அதனால் நிலையான அளவுகோலே இல்லை. புள்ளியைப் பார்த்தால் நரேனின் ஐந்தும் இண்டியனாபொலிஸில் வந்தவை. மிஷலின் அணிகள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடிய ரேஸ் அது. மான்டெய்ரோ மூன்றாவது, நரேன் நான்காவது. நல்ல காரும் அனுபவசாலி ஒருவரின் துணையும் அமைந்திருந்தால் அவர் மதிப்பு என்ன என்று நமக்குத் தெரிந்திருக்கும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கே: 2025-ல் இரண்டே ரேஸில் லியாம் லாசனை ரெட்புல் அணியிலிருந்து தூக்கியது சரியா? எத்தனை ரேஸ் பார்க்க வேண்டும்?

ப: சரியில்லை. லாசன் முழுப் புதுமுகம் இல்லை, ஏற்கெனவே 11 ரேஸ் ஓட்டியவர். ஆனால் மெல்பர்ன், ஷாங்காய் இரண்டுமே அவர் ஃபார்முலா ஒன் காரில் ரேஸ் ஓட்டாத தடங்கள், அதிலும் ஷாங்காயில் ஸ்பிரின்ட் வாரம் என்பதால் பயிற்சி ஒரே ஒரு மணி நேரம். அதை வைத்து என்ன முடிவு எடுக்க முடியும்? அவருக்குப் பதில் வந்த சுனோடா சீசன் முழுக்கச் சேர்த்து எடுத்தது 33 புள்ளி, கீழே துணை அணிக்கு அனுப்பப்பட்ட லாசன் 38. வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்து இருக்கை எப்படிப்பட்டது என்பதை இந்த இரண்டு எண்ணே சொல்கிறது.

பக்கத்தில் இருப்பவர் அந்த உயரத்தில் இருந்தால் அளவுகோலே ஆளைச் சாய்த்துவிடும். 2018-ல் வான்டூர்ன் 21 குவாலிஃபையிங்கிலும் அலோன்சோவிடம் தோற்றார், ஃபார்முலா ஒன் வாழ்க்கை அதோடு முடிந்தது. 2022-ல் அவரே ஃபார்முலா ஈ சாம்பியன். ஓட்டத் தெரியாதவர் இல்லை.

எத்தனை ரேஸ் என்றால், என் கணக்கில் முதல் ஆறு ரேஸ் எண்ணை எழுதி வைப்பதற்கு மட்டும், தீர்ப்புக்கு இல்லை. உண்மையான சோதனை அதே தடத்துக்கு இரண்டாவது முறை போகும்போதுதான். 2026-க்குக் கார் விதிகளே மாறிவிட்டதால் மூத்தவர்களும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், வெர்ஸ்டாப்பன் பக்கத்தில் உட்காரும் ஐசக் ஹாஜருக்கு அது ஒரு நல்ல வாய்ப்பு. அன்டோனெல்லியைப் பொறுத்தவரை மோனகோவையும் பார்சிலோனாவையும்தான் நான் உற்றுப் பார்ப்பேன், அதுவும் ரேஸ் முடிவை இல்லை, சனிக்கிழமை ரசலோடு சதவீத இடைவெளியை.