சட்டைப்பை நோட்டும் நீள நோட்டும்

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ஏழெட்டுப் படகு ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும். எந்தப் படகுக்கு என்ன சாமான் வாங்க வேண்டும், யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார் என்பதையெல்லாம் கிடைத்த துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறேன். செல்போனில் எழுதிப் பார்த்தேன், கிரீஸ் கையோடு சரிப்படவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போனால் என் மனைவி சீட்டையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, “இன்னைக்கு எந்தப் போட்டு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நீள நோட்டில் எழுதுவாள். சாப்பிட்டுப் படுத்தால் போதும் என்று வருகிற நேரத்தில் இது ஒரு தொல்லை. சட்டைப்பையில் அடங்குகிற, தாளைக் கழற்றி மாட்டுகிற ரிங் நோட்டு கிடைத்தால் படகு வாரியாகப் பிரித்து நானே வைத்துக்கொள்வேன். அவளிடம் கேட்க வேண்டியதே இருக்காது. எந்த அளவு வாங்கலாம், எங்கே கிடைக்கும்?
— வாசகர், மண்டபம்

பதில்: “அவளிடம் கேட்க வேண்டியதே இருக்காது.” அப்படியானால் தம்பி, இதுவரை அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் படகில் என்ன வேலை நிற்கிறது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

நல்ல நோட்டு ஒன்று கிடைத்தால் வேலை ஒழுங்காகிவிடும் என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. கொத்தனார் எழுதுவார், எலக்ட்ரீஷியன் எழுதுவார், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர் எழுதுவார். வாங்கிய முதல் வாரம் எல்லாரும் அழகாக எழுதுகிறார்கள். அப்புறம் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. குறித்ததை அன்றைக்கே எடுத்துப் பார்த்து, விட்டுப்போனதைக் கேட்க ஆள் இல்லாததுதான் காரணம். உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார். முன்பு 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017-இலிருந்து 61 நாளாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அத்தனை ராத்திரியும் அந்தப் பெண் கண் விழித்து உங்கள் கிரீஸ் படிந்த சீட்டைப் படித்திருக்கிறார். ஒரு படகிலும் ஏறாமலே எட்டுப் படகின் நிலவரத்தையும் வைத்திருக்கிறார். அந்த நீள நோட்டை என்றைக்காவது பிரித்துப் பார்த்தீர்களா? எப்படிக் கோடு போட்டிருக்கிறார், எதை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார் என்று தெரியுமா?

இன்னொரு வகைக் கடிதமும் எனக்கு வருகிறது. கணவர் திடீரென்று போய்ச் சேர்ந்த பெண்கள் எழுதுவது. காரியம் முடிவதற்குள் கொடுக்க வேண்டிய கடனுக்கு ஆள் வாசலில் வந்து நிற்கிறார். வரவேண்டிய பணத்துக்கு ஒருவரும் வாய் திறப்பதில்லை. “அவர் எல்லாத்தையும் தன்கிட்டயே வச்சிருந்தார், எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று அந்தப் பெண்கள் எழுதுகிறபோது எனக்குப் போனவர் மீதுதான் கோபம் வருகிறது. பெண்டாட்டிக்குச் சோறு போடுவதோடு புருஷனுடைய கடமை முடிந்துவிடவில்லை. தன் கணக்கை வீட்டுக்குத் தெரியும்படி வைப்பதும் கடமை. அதிலும் உங்கள் தொழிலில். தடைக்காலத்தில் ஓனர் கையிலும் காசு ஓடாது. கூலியில் பாதி, படகு கடலுக்குப் போய் மீன்பாடு பார்த்த பிறகுதான் உங்களிடம் வந்து சேரும். அந்தப் பாக்கியை எல்லாம் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இன்ஜின் குழிக்குள் குனிந்து கிடக்கப் போகிறீர்களா?

அதனால் பணக் கணக்கு ரிங் நோட்டில் வேண்டாம். கழற்றுகிற தாளுக்கு சாட்சி மதிப்பு குறைவு. நாளைக்கு ஒரு ஓனர், “நான் கொடுத்தது பத்தாயிரம், நீ ஐயாயிரம்னு சொல்றே” என்று நின்றால், தைத்த நோட்டில் தேதி வரிசையாக ஒரே கையெழுத்தில் இருப்பதுதான் பேசும். அட்வான்ஸ், பாக்கி, சாமான் வாங்கிய பில் எல்லாம் வீட்டு நீள நோட்டிலேயே, அவர் கையெழுத்திலேயே தொடரட்டும்.

வேலைக் குறிப்புக்கு ரிங் நோட்டு நல்லதுதான், வாங்குங்கள். கடையில் வெறுமனே ‘ரிங் நோட்டு’ என்று கேட்டால் சுருள் கம்பி போட்டதை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தாளைக் கிழிக்கலாம், திரும்ப மாட்ட முடியாது. “வளையம் திறந்து மூடுமா?” என்று கேளுங்கள். உங்களுக்கு ஏற்றது ஏ7 என்கிற அளவு. தாள் 7.4 சென்டிமீட்டர் அகலம், 10.5 உயரம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். ஏ7 என்று வருகிறவற்றில் சில 12 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். ஏ6 என்ற பெயரில் 17 சென்டிமீட்டர் நீளத் தாள் வைத்து விற்பதும் உண்டு, அது எந்தச் சட்டைப்பையிலும் நிற்காது. உங்கள் பையை ஸ்கேலால் அளந்துகொண்டு, மேலட்டையின் வெளி அளவைப் பார்த்து வாங்குங்கள். மாற்றுத் தாளையும் கூடவே வாங்கிவிடுங்கள். இவற்றில் பெரும்பாலும் ஆறு துளை. ஆபீசில் இருக்கிற இரண்டு துளை பஞ்ச் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தும், இதற்குப் பொருந்தாது.

சென்னைக்குப் போகிற யாராவது இருந்தால் பாரிமுனையில் பந்தர் தெருவிலும் ஆண்டர்சன் தெருவிலும் பார்த்து வரச் சொல்லலாம். இல்லையென்றால் ஆன்லைனில் ‘ஏ7, ஆறு வளையம்’ என்று தேடுங்கள். தோல் அட்டை வேண்டாம், உப்புக்காற்றிலும் வியர்வையிலும் பூசணம் பூக்கும். துடைத்தால் போகிற பிளாஸ்டிக் அட்டை எடுங்கள். முலாம் பூசிய இரும்பு வளையம் உங்கள் ஊரில் சீக்கிரம் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் வளையம் கிடைத்தால் அதுவே மேல். பேனாவை விட பென்சில் நல்லது. தண்ணீர் பட்டாலும் பென்சில் எழுத்து கரையாது. குனிந்தால் நோட்டு பையிலிருந்து நழுவி படகின் அடியில் தேங்குகிற பில்ஜ் தண்ணீரில்தான் விழும், அதனால் ஒரு நூலைக் கட்டிச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு படகுக்கு ஒரு தாள். மேலே படகின் பெயரும் இன்ஜின் நம்பரும். கீழே கழற்றியது, வாங்க வேண்டியது, முடிந்தது. ஷாஃப்ட் அளவு, பேரிங் நம்பர் மாதிரி அடுத்த வருஷமும் தேவைப்படுகிறவற்றைப் பின்பக்கம் எழுதுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போனதும் அன்றைக்கு எழுதிய தாளைக் கழற்றி உங்கள் மனைவி கையில் கொடுங்கள். தாள் கழன்று வருவதால் உங்களுக்குக் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான். பார்த்து ஏற்றிவிட்டுத் தருவார், காலையில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். “இன்னைக்கு எந்தப் போட்டு?” என்று அப்போதும் கேட்பார். தாளைக் காட்டிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். எந்த இன்ஜின் படுத்துகிறது, எந்த ஓனர் சத்தம் போட்டார் என்று பத்து நிமிஷம் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள். பகல் முழுக்க உங்களை எத்தனையோ பேர் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் “என் படகு எப்போ முடியும்” என்பதுதான்.

ஏப்ரல் 15-க்கு இரண்டு வாரம் முன்பே நோட்டு கையில் இருக்கட்டும். வந்ததும் அவரிடம் கொடுத்து, முதல் தாளில் படகுகளின் பெயரையும் போன வருஷத்துப் பாக்கி வைத்திருக்கிற ஓனர்களின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நீள நோட்டைப் பார்க்காமலே எழுதிவிடுவார்.