தொட்டியில் போட்ட பிறகு: மறுசுழற்சி குறித்த கேள்வி பதில்

கேள்வி: தாள், கண்ணாடி, பிளாஸ்டிக், தகரம் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடுகிறோம். பிறகு இவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: ஆள்களும் இயந்திரங்களும் சேர்ந்துதான். கன்வேயர் பட்டையின் தொடக்கத்தில் நிற்கும் பணியாளர்கள் துணி, கம்பி, மரத்துண்டு ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எறிவார்கள். அடுத்து, வரிசையாகச் சுழலும் தட்டுகளின் மேல் அகலமான அட்டைகள் நகர்ந்து போக, சிறியவை இடுக்குகளின் வழியே கீழே விழும். இரும்பைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் வேகமாகச் சுழலும் காந்த உருளையை அது நெருங்கும்போது அதனுள் மின்னோட்டம் தூண்டப்பட்டு எதிர்ப்பு விசை உண்டாவதால், குளிர்பான டப்பா பட்டையிலிருந்து துள்ளித் தனியே போய் விழும். பார்க்கவேண்டிய காட்சி அது.

கேள்வி: எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடலாமா?

பதில்: கூடாது. பை அந்தத் தட்டுகளின் அச்சில் சுற்றிக்கொண்டால், இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: முக்கோணக் குறி இருந்தும் கருப்பு உணவுத் தட்டை ஏற்க மறுப்பது ஏன்?

பதில்: அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் எண், 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்தது. அது, பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது, மறுசுழற்சிக்கு உத்தரவாதம் அன்று. பிரிக்கும் கருவி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டே வகையை இனம்காண்கிறது. கருப்பு நிறத்துக்காகச் சேர்க்கப்படும் கார்பன் தூள் அவ்வொளியை விழுங்கிவிடுவதால், நல்ல பிளாஸ்டிக்கே ஆனாலும் அந்தத் தட்டு பெரும்பாலான கருவிகளின் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: பாட்டில் மூடியைக் கழற்ற வேண்டுமா?

பதில்: உங்கள் பகுதி விதியைப் பின்பற்றுங்கள். ஆலையைப் பொறுத்தவரை இது பெரிய சிக்கல் இல்லை: பாட்டிலைச் சில்லுகளாக அரைத்து நீரில் கொட்டும்போது பாட்டிலின் பெட் (PET) வகைப் பிளாஸ்டிக் மூழ்கும், வேறு வகைப் பிளாஸ்டிக்கால் ஆன மூடியின் சில்லுகள் மிதக்கும்.

கேள்வி: எண்ணெய் படிந்த அட்டை?

பதில்: கறை ஊறிய பகுதியைக் கிழித்துவிடுங்கள். தாளை நீரில் கரைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் இழைகளை விட்டு எளிதில் பிரியாது.

கேள்வி: இவ்வளவும் செய்த பின், உண்மையிலேயே மறுசுழற்சி நடக்கிறதா?

பதில்: வாங்க ஆள் இருந்தால் நடக்கிறது. பிரித்த பொருள் அழுத்திக் கட்டப்பட்டு, சரக்காக விற்பனைக்குச் செல்கிறது. தாதுவிலிருந்து புதிய அலுமினியம் எடுப்பதைவிடப் பழையதை உருக்க ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் குறைவாகவே தேவைப்படுவதால், அதற்கு வாங்குவோர் தட்டுப்பாடு இல்லை. பல அடுக்குகள் ஒட்டிய தின்பண்ட உறைக்கோ அநேகமாக யாருமே இல்லை. பெரும்பாலும் அது எரிக்கப்படும் அல்லது புதைக்கப்படும். 2018இல் வீட்டுப் பிளாஸ்டிக் கழிவையும் தரம் பிரிக்காத தாளையும் இறக்குமதி செய்வதைச் சீனா நிறுத்தியபோது, ஒழுங்காகத் தொட்டியில் சேர்ந்த பொருள்களுக்கும் சில நாடுகளில் இதே கதிதான் நேர்ந்தது.