எல்லையையும் புலம்பெயர்வையும் பெண் கலைஞர்கள் எப்படிக் கையாளுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க-மெக்சிகோ எல்லையை வைத்துச் சொல்வது எளிது. மெக்சிகோவில் பிறந்த ஆனா தெரேசா ஃபெர்னாண்டஸ், 2011-இல் மெக்சிகோவின் எல்லை நகரான டிஹுவானாவின் கடற்கரையில் ஏணி போட்டு ஏறி, துருப்பிடித்த எல்லைவேலிக்கு வான நீலத்தைப் பூசினார். உடுத்தியிருந்தது கறுப்பு விருந்து உடை, காலில் குதிகால் செருப்பு. தள்ளி நின்று பார்த்தால் அந்த இடத்தில் வேலியே இல்லாதது போலத் தெரியும்.

என்னை அதிகம் உலுக்கியது தான்யா அகினிகாவின் வேலைதான். டிஹுவானாவில் வளர்ந்து, பள்ளிக்காகத் தினமும் எல்லை தாண்டியவர் அவர். 2016-இல் தொடங்கிய திட்டத்தில், சோதனைச்சாவடியில் காத்திருப்பவர்களிடம் இரண்டு நூலிழைகளைக் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னார். கூடவே ஓர் அஞ்சலட்டை: கடக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது? அந்த முடிச்சுகளைக் கோத்துத் தொங்கவிட்டார். தென் அமெரிக்காவின் பழங்கால இன்கா மக்கள் முடிச்சுகளில் கணக்கு வைத்த முறைதான் இதற்கு மூலம். இரு ஊரிலும் வாழ்பவரை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியுமா, தெரியவில்லை.

அப்புறம் மார்கரிட்டா கப்ரேரா. எல்லைக்காவலர் சீருடைத் துணியில் கள்ளிச்செடிகள் தைக்கிறார். துணிமேல் தங்கள் பயணக் கதையை எம்பிராய்டரி செய்பவர்கள், எல்லை தாண்டி வந்தவர்களேதான்.