கையில் கட்டிய பட்டையும் மலிவு தினாரும்

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். ஜூலையில் குடும்பத்துடன் ஒரு வாரம் துனீசியாவின் ஹம்மாமெட் போகிறோம். ஹோட்டல் ‘எல்லாம் அடக்கம்’, அதாவது சாப்பாடும் சேர்த்தே விலை. இங்கே லா ஷப்பல் பகுதியில் தெரிந்தவர் ஒருவர் அந்த நாட்டுப் பணமான தினாரை மலிவாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? என் மனைவி சைவம், சாப்பாடு கிடைக்குமா?

பதில்: வாங்காதீர்கள். துனீசிய தினாரை அந்த நாட்டுக்குள் கொண்டுபோவதும் வெளியே எடுத்துவருவதும் சட்டப்படி தவறு. யூரோவாக எடுத்துப்போய் அங்கே வங்கியிலோ ஹோட்டலிலோ ஐம்பது ஐம்பதாக மாற்றுங்கள். மாற்றியதற்கான ரசீதைத் தொலைத்தால் மிச்சப் பணத்தைத் திரும்ப யூரோவாக்க முடியாது. திரும்பும்போது பாஸ்போர்ட் முத்திரை விழுந்தபின் உள்ளே இருக்கும் வரியில்லாக் கடைகளில் யூரோதான் கேட்பார்கள். சொந்த நாட்டுப் பணத்தைச் சொந்த விமான நிலையத்திலேயே வாங்காத விந்தையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ!

எல்லாம் அடக்கம் என்றாலும் ஹோட்டல் வரி தனி. தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வரவேற்பு மேசையில் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை.

ஏமாற்று மெதினாவின், அதாவது பழைய நகரத்தின், வாசலில் நிற்கும். “என்னைத் தெரியவில்லையா? காலையில் உங்களுக்கு ஆம்லெட் போட்டேனே!” என்று ஒருவர் கை குலுக்குவார். அவர் உங்கள் ஹோட்டல் பக்கமே போயிருக்க மாட்டார். ஹோட்டல்காரர்கள் உங்கள் கையில் கட்டிவிட்ட பட்டையின் நிறம் அவருக்கு ஹோட்டலைச் சொல்லிவிட்டது. அடுத்து, “இன்றுதான் கம்பளக் கண்காட்சியின் கடைசி நாள்” என்பார். போனால் புதினாத் தேநீர், பிறகு விரித்த கம்பளங்கள், அவருக்குக் கமிஷன். கடைசி நாள் நாளைக்கும் வரும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், பாதித் தொல்லை தீரும். ஒட்டகச் சவாரியா? இறங்குவதற்கும் சேர்த்துத்தான் விலையா என்று ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

மஞ்சள் டாக்ஸியில் மீட்டர் ஓடட்டும். ஒரு தினாருக்கு 1000 மில்லீம். மீட்டர் 5400 காட்டினால் 5 தினார் 400 மில்லீம், 54 தினார் இல்லை. இரவு 9 மணிக்குமேல் ஒன்றரை மடங்கு. அது நியாயமான கணக்கு.

கடலில் ஜூலையில் ஜெல்லிமீன் வரலாம். கரையில் குவியும் பழுப்பு நாடாக்கள் கடற்புல், சாக்கடை இல்லை.

இனி உங்கள் மனைவியின் விஷயம். அங்கே சூரை மீனை யாரும் மீனாகவே நினைப்பதில்லை. துனீசிய சாலட்டில் மேலே சூரை, சுட்ட காய்கறி மெஷ்வியாவில் சூரை, பிரிக் என்ற பொரித்த மடிப்புக்குள் முட்டையோடு சூரை. ‘வெறும் காய்கறி’ குஸ்குஸ் என்ற கோதுமை ரவைச் சாப்பாடுகூட இறைச்சிக் குழம்பின் ஆவியில் வெந்ததாக இருக்கலாம். ‘வெஜெதாரியன்’ என்றால் தலையாட்டிவிட்டு மீனை வைப்பார்கள். மீன் வேண்டாம், சூரை வேண்டாம், முட்டை வேண்டாம், இறைச்சிக் குழம்பும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிரெஞ்சு தெரிந்தவர்தானே நீங்கள். பழமும் ரொட்டியும் ஆலிவும் தாராளம். ஹரிஸா என்ற மிளகாய் விழுதுக்குப் பயப்பட வேண்டாம்: மிளகாய், பூண்டு, மல்லி, எண்ணெய். முதல் நாளே ஒரு ட்யூப் வாங்கி உங்கள் மனைவி பையில் போட்டுக்கொள்ளட்டும்.