‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா?

‘ஷி ரன்ஸ் எ மில்’ என்ற வரியைப் படித்துவிட்டு, மில்லை ஒருவர் எப்படி ஓட முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். பல்லடத்துக்காரர் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு இது சுலபமுங்க.

தறி ஓடுது என்கிறோம், தறி ஓட்டறேன் என்கிறோம். நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம். ‘தி லூம் ரன்ஸ்’ என்றால் தறி ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் தி லூம்’ என்றால் அவர் தறி ஓட்டுகிறார். மில், கடை, கம்பெனி எதுவானாலும் இப்படித்தான். வினைக்குப் பின்னால் நேராக ஒரு பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஓட்டு, வராவிட்டால் ஓடு. தூரமோ பந்தயமோ வந்தால் மட்டும் அது கால் ஓட்டமே.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இந்த ஒரு வினைக்கு 600க்கும் மேல் பொருள் தருகிறது. தயவுசெய்து பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். என் மாலை வகுப்புக்கு வரும் பனியன் கம்பெனிப் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்கிறேன். மோட்டார் ஓடுது, பஸ் ஓடுது, நொய்யல் வெள்ளியங்கிரி மலையிலிருந்து காவிரி வரை ஓடுது, எல்லாம் ரன்தான். நம் ‘ஓடு’ கைகொடுக்காத இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

சாலைக்கும் ரன் வரும். நாம் ‘போகிறது’ என்போம். தேர்தலுக்கு அமெரிக்கர்கள் ரன் என்பார்கள். பிரிட்டிஷார் நம்மைப் போல நிற்கிறார்கள், ‘ஸ்டாண்ட்’. துவைத்த துணியைப் பற்றி ‘தி கலர் ரேன்’ என்று பையர், அதாவது துணி வாங்குபவர், எழுதினால், சாயம் கரைந்து பரவிவிட்டது என்று பொருள். திருப்பூரில் வேலை பார்ப்பவருக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், எல்லோரும் தடுமாறும் இடம் ‘ரன் அவுட் ஆஃப்’. கிரிக்கெட் ரன் அவுட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூல் தீர்ந்துபோச்சு என்று நாம் நூலை முன்னால் வைப்போம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆளை முன்னால் வைத்து ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் யார்ன்’ என்பார்கள். நூலையே முன்னால் வைத்தால் ‘தி யார்ன் ஹேஸ் ரன் அவுட்’. அங்கே ‘ஆஃப்’ கிடையாது. ‘ஹேவ் ரேன்’ என்று எழுதாதீர்கள். நேற்று நடந்ததற்கு ரேன். ஹேவ், ஹேட் வந்தால் மறுபடி ரன்.

இன்னும் தீரவில்லை, தீரப் போகிறது என்றால் ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் யார்ன்’. ஸ்பின்னிங் மில்லுக்கு மெயில் போடும்போது இதைக் கவனித்து எழுதுங்கள். முன்னதைப் படித்தால் உங்கள் மெஷின் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். பின்னதைப் படித்தால் நாளைக்குள் அனுப்பலாம் என்று நினைப்பார்கள்.