ரவுட்டரில் ஃபில்டர் போட்டும் பிள்ளைகள் போனில் அதைத் தாண்டிவிடுகிறார்கள், எப்படித் தடுப்பது?

உங்கள் பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். வீட்டு வைஃபையில் ஆபாசத் தளங்களைத் தடுத்து வைத்திருப்பீர்கள், ஒருநாள் போனை வாங்கிப் பார்த்தால் தடுத்த தளம் திறக்கிறது. இதுதானே? வழி சொல்கிறேன். ஆனால் தாண்டியது பிள்ளைதானா என்பதை முதலில் பாருங்கள்.

என் அண்ணன் வீட்டில் இதே கதைதான். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைத் தேடித் தரும் சர்வர்தான் டிஎன்எஸ். ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை, ஆபாசத் தளங்களுக்கு முகவரி தராத க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குடும்ப ஃபில்டருக்கு, அதாவது 1.1.1.3 என்ற முகவரிக்கு மாற்றி வைத்திருந்தார், பல மாதம் ஒழுங்காக வேலை செய்தது. அப்புறம் திடீரென்று எல்லாத் தளமும் பையன் போனில் திறக்க ஆரம்பித்தது. விபிஎன், அதாவது தடைகளைச் சுற்றிப் போகும் மறைவான இணைப்பைப் போட்டு ஏமாற்றுகிறான் என்று அண்ணன் முடிவே கட்டிவிட்டார். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினார். "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல சித்தப்பா" என்று என்னிடம் வந்து அழுதான். போனை வாங்கி வைஃபை விவரங்களைத் திறந்து பார்த்தேன். விபிஎன் எதுவுமே இல்லை. டிஎன்எஸ் பட்டியலில் மட்டும் ஐபிவி6 முகவரி (பழைய ஐபிவி4-க்கு அடுத்து வந்த புதுவகை இணைய முகவரி) ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம் இடையில் ஐபிவி6-ஐத் தொடங்கியிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் மாற்றியிருந்தது ஐபிவி4 முகவரியை மட்டும்தான். போன் தன்பாட்டுக்கு அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தது, அங்கே எந்தத் தடையும் கிடையாது. ரவுட்டரில் ஐபிவி6 டிஎன்எஸ் இடத்தில் 2606:4700:4700::1113 என்று போட்டதும் சரியாகிவிட்டது. உங்கள் ரவுட்டரில் அந்த இடமே இல்லையென்றால் ஐபிவி6-ஐ அணைத்துவிடலாம். பையனிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல அண்ணனுக்கு மனசு வரவில்லை, எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

இது ஒன்று மட்டுமல்ல. வைஃபை சிக்னல் குறைந்தால் பல போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும், அங்கே உங்கள் ரவுட்டருக்கு வேலையே இல்லை. போனின் உண்மையான மேக் முகவரியை (வைஃபையில் அதன் அடையாள எண்) வைத்து அந்தப் போனுக்கு மட்டும் தடை போட்டிருந்தால், ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வழக்கமாக வைஃபைக்கு அதைக் காட்டுவதில்லை, வேறொன்றைக் காட்டுகின்றன. உங்கள் விதி யாருக்கும் பொருந்தாமல் சும்மா கிடக்கும்.

சரி, பிள்ளை வேண்டுமென்றே தாண்டுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதில் வேறு சர்வர் பெயரைப் போட்டால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைப் போன் கேட்காது. அது பெரும்பாலும் 853 என்ற போர்ட் (இணையப் போக்குவரத்து போகும் எண்ணிட்ட வாசல்) வழியாகப் போவதால் அதை ரவுட்டரில் மூடலாம். மூடினால் பெரும்பாலும் அந்த செட்டிங்கை எடுக்கும்வரை அந்த வைஃபையில் நெட் ஓடாது. ஆனால் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் மறைகுறியிட்ட டிஎன்எஸ் 443 வழியாகப் போகிறது, சாதாரண இணையதளங்கள் எல்லாம் வருவதும் அதே வழிதான், அதை மூடவே முடியாது. தெரிந்த சர்வர்களின் பெயர்களைத் தேடித் தேடித் தடுக்கலாம், அவ்வளவுதான். பல விபிஎன்களும் அதே 443-இல் ஓடும். அதனால் ரவுட்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பூட்டைப் போனிலேயே போடுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப், ஐபோன் என்றால் அதன் செட்டிங்கிலேயே இருக்கும் ஸ்க்ரீன் டைம். உங்கள் அனுமதி இல்லாமல் புது ஆப் இறங்காதபடி வைத்துவிட்டால் விபிஎன் ஆப்பும் புது பிரவுசரும் உள்ளே வரமுடியாது. அந்தப் பிரைவேட் டிஎன்எஸ் செட்டிங்கில் குடும்ப ஃபில்டரின் பெயரையே நீங்கள் போட்டுவிட்டால் மொபைல் டேட்டாவிலும் ஃபில்டர் கூடவே வரும்.

பிள்ளைகளை வேவு பார்க்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவன் யாரோடு என்ன பேசுகிறான் என்று படிக்கச் சொல்லவில்லை. பெரியவர்களின் போனிலும் இதைச் செய்யச் சொல்லவில்லை, அது வேறு விஷயம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதே கெடுபிடி தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "போனையே கொடுக்காதீர்கள்" என்று ஒருவர் கட்டாயம் கீழே எழுதுவார். எப்படிக் கொடுக்காமல் இருப்பது? ஆசிரியர்கள் வீட்டுப்பாடத்தை ராத்திரி வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறார்கள், பாடத்துக்கு வீடியோ லிங்க் அனுப்புகிறார்கள், படமெடுத்து அனுப்பு என்கிறார்கள். பிறகு பெற்றோர் கூட்டத்தில் அதே ஆசிரியர்கள், பிள்ளைகள் போனும் கையுமாகவே இருக்கிறார்கள் என்று நம்மைக் கண்டிக்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதாதா? இதைக் கேட்ட பெற்றோரை ஒத்துழைக்காதவர் என்று முத்திரை குத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

செய்யும்போது ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், பல வீடுகளில் அது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சடித்தபடியே இருக்கிறது.